இசைவாணை இல்லாத தோல் தொழிற்சாலை: விவசாயி என்ன செய்யலாம்?

பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் கிணறு வைத்திருக்கும் விவசாயிகளுக்குத் தோல் கழிவு நீரின் கொடுமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அது உப்பையும் இரசாயனங்களையும் சுமந்து வெளியேறுகிறது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்துச் சொன்னது.

உரிமம் மட்டும் போதாது

தோல் தொழிற்சாலை நடத்த உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் மட்டும் இருந்தால் போதாது. 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 25-வது பிரிவின்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் பெற வேண்டும். இசைவாணை இன்றி நடத்துவோருக்கு 44-வது பிரிவின்படி ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல், ஆறு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 33-ஏ பிரிவின்படி ஆலையை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

சட்டம் இருந்தும் கழிவு நீர் நிற்கவில்லை. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-ல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வேலூர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் ரூ.10,000 அபராதம் கட்ட வேண்டும். கட்டாதவை உடனே மூடப்படும். நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்ய வேண்டும், டிசம்பர் 15-க்குள் இசைவாணை பெறாதவையும் மூடப்படும் என்று உத்தரவாயிற்று. மாசு செய்தவரே நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்பதும் அத்தீர்ப்பில் உறுதியாயிற்று.

நஷ்டத்தைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம், 547 தொழிற்சாலைகள் 29,193 பேருக்கு ரூ.26 கோடியே 82 லட்சம் வழங்க வேண்டும் என 2001 மார்ச் 7-ல் தீர்மானித்தது. சராசரியாகத் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான். கெட்டுப்போன கிணற்றுக்கு இது எம்மாத்திரம்? 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம், நிலமும் நீரும் சீராகும் வரை மாசு செய்தவரின் பொறுப்பு தீராது என்றும், பாக்கி நஷ்டஈட்டை அரசே கொடுத்துவிட்டுப் பின்னர் ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றும் கூறியது.

விவசாயிகள் கவனத்துக்கு

குற்ற வழக்கில் விதிக்கும் அபராதம் வழக்கமாக அரசுக்குப் போய்ச் சேரும். கிணறு கெட்டவர் நஷ்டஈட்டைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். அதற்கு ஆதாரம் தேவை.

1. பட்டா, அடங்கல் நகல்களை ஆண்டுதோறும் எடுத்து வையுங்கள். எந்த ஆண்டு முதல் விளைச்சல் குறைந்தது என்பதைக் காட்ட அடங்கலே சாட்சி.

2. கிணற்று நீரைக் கோடையிலும் மழைக்குப் பின்னும் பரிசோதித்து முடிவுகளைத் தேதியுடன் பத்திரப்படுத்துங்கள். ஆலைக் கழிவு நீரின் மாதிரியை மட்டும் வாரிய அதிகாரியே சட்ட முறைப்படி எடுக்க வேண்டும். அப்போதுதான் அந்த முடிவு வழக்கில் நிற்கும்.

3. புகாரை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஆலைக்கு இசைவாணை உண்டா, எந்தத் தேதி வரை என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம்.

4. வாரியம் அசையாவிட்டால், 49-வது பிரிவின்படி 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எவரும் நேரே குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். நஷ்டஈடு கோரிச் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கும் போகலாம். ஐந்து ஆண்டுக்குள் மனுச் செய்வது அவசியம்.

தனி ஒருவர் கொடுக்கும் மனுவைவிட, ஒரே ஓடையை ஒட்டிய பத்துக் கிணற்றுக்காரர்கள் சேர்ந்து கொடுக்கும் மனுவுக்கு வலு அதிகம்.