டீசல் ஃபில்டரை நீங்களே மாற்றப் போகிறீர்களா? சுத்தப் பக்கம் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் வீட்டு வாசலில் டீசல் பிக்அப் வண்டி ஒன்று நிற்கிறதா? எஞ்சின் எண்ணெயையும் காற்று ஃபில்டரையும் நீங்களே மாற்றிப் பழகியவரா? அப்படியானால், டீசல் ஃபில்டரையும் வீட்டிலேயே மாற்றலாமே என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது முதல், வண்டிச் செலவை எங்கெல்லாம் குறைக்கலாம் என்று பலர் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

மாற்றலாம். அரை மணி நேர வேலைதான். ஆனால் இதில் ஒரு தவறு செய்தால் மிச்சப்படுத்திய காசு பல மடங்காகக் கைவிட்டுப் போகும். எனக்கு அப்படித்தான் போனது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாமனாரின் பிக்அப்பில் ஃபில்டரை நானே மாற்றினேன். பீடோர் பக்கம் சிறிய செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் அவருக்கு அந்த வண்டிதான் கையும் காலும். புதிய ஃபில்டரை வெறுமையாகப் பூட்டினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது என்று யாரோ சொன்னது எனக்கு நினைவிருந்தது. மினரல் வாட்டர் போத்தல் ஒன்றில் டீசலைப் பிடித்து, ஃபில்டரின் நடு ஓட்டையில் நிரம்ப ஊற்றிப் பூட்டினேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. “பரவாயில்லையே மாப்பிள்ளை, வாத்தியாருக்கு ஸ்பேனரும் பிடிக்கத் தெரியுதே” என்றார் மாமா.

மூன்றாவது வாரம் எஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டத் தொடங்கியது. புகையும் வந்தது. பட்டறையில் இரண்டு இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “ஃபில்டர்ல எண்ணெய் ஊத்துனீங்களா சார்? எந்த ஓட்டையில ஊத்துனீங்க?”

ஃபில்டரின் விலை நூறு ரிங்கிட்டுக்கும் குறைவு. இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. பணத்தைக் கொடுத்தது மாமா. அன்று எனக்கு விளங்காத அந்தக் கேள்வியை இன்று உங்களுக்கு விளக்கப் பார்க்கிறேன்.

தலைமுடியைவிடச் சிறிய எதிரி

இன்றைய டீசல் பிக்அப்கள் பெரும்பாலும் ‘காமன் ரெயில்’ முறையில் இயங்குகின்றன. இதில் டீசல் ஏறக்குறைய 2,000 பார் வரை அழுத்தப்பட்டு, இன்ஜெக்டரின் நுண்துளைகள் வழியாக எஞ்சினுக்குள் பீய்ச்சப்படுகிறது. 2,000 பார் என்றால் எவ்வளவு? கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 2.2 பார்தான். உலகின் மிக ஆழமான கடற்பகுதியான மரியானா அகழியின் அடியில்கூட அழுத்தம் சுமார் 1,100 பார்தான்.

இவ்வளவு அழுத்தத்தில் டீசல் கசியாமல் இருக்க வேண்டுமானால், இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். அது சில மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது, உங்கள் கண்ணுக்கே தெரியாத தூசி அந்த இடைவெளியில் பாறாங்கல்லைப் போல் சிக்கிக்கொள்ளும், உலோகத்தைத் தேய்க்கும்.

அந்தத் தூசியைத் தடுக்கும் கடைசிக் காவலாளிதான் ஃபில்டர். அதைக் கடந்துவிட்டால் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் முன்னால் வேறு காவல் கிடையாது.

இரண்டு பக்கம்

போத்தல் வடிவத்தில் திருகிப் பூட்டும் ஃபில்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். அதைச் சுற்றி வட்டமாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும். தாங்கியிலிருந்து வரும் டீசல் சுற்றியுள்ள சின்ன ஓட்டைகள் வழியாக உள்ளே நுழைகிறது. மடிப்பு மடிப்பாக இருக்கும் வடிதாளை வெளியிலிருந்து உள்நோக்கிக் கடக்கிறது. வடிந்த டீசல் நடு ஓட்டை வழியாகப் பம்பை நோக்கிப் போகிறது.

ஆகவே சுற்றுவட்டம் அழுக்குப் பக்கம். நடு ஓட்டை சுத்தப் பக்கம். நான் போத்தலில் பிடித்த டீசலை நடு ஓட்டையில் ஊற்றியபோது, வடிகட்டாத டீசலைச் சுத்தப் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். போத்தலில் இருந்த தூசி, என் விரலில் ஒட்டியிருந்த மண், எல்லாம் நேராக இன்ஜெக்டருக்குப் போயின. வடிகட்டிய தேநீரில் மறுபடி தேயிலைத் தூளை அள்ளிப் போட்டதற்குச் சமம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஃபில்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு: தண்ணீரைப் பிரிப்பது. “நான் நல்ல நிலையத்தில்தான் எண்ணெய் ஊற்றுகிறேன், தண்ணீர் எப்படி வரும்?” என்று கேட்பீர்கள்.

நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். தாங்கி பாதி காலியாக இருந்தால், மீதி இடத்தில் ஈரக்காற்று நிற்கும். இரவில் வெப்பம் குறையும்போது, குளிர்ந்த பானக் குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளி படிவதைப் போலத் தாங்கியின் உட்சுவரிலும் படியும். படிவம் 1இல் படித்த நீராவி ஒடுக்கம்தான் இது. ஓட்டம் முடிந்ததும் தாங்கியை நிரப்பி வைப்பது நல்லது என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

அடுத்து, நம் டீசலின் தன்மை. 2019இல் மலேசியாவில் போக்குவரத்துத் துறைக்கான டீசலில் 10 விழுக்காடு வரை செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைக் கலக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இதைத்தான் பி10 என்கிறோம். பயோடீசலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எஞ்சின் பாகங்களுக்கு இது நன்றாக வழவழப்பைத் தரும். ஆனால் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய தாங்கியின் அடியில் படிந்திருக்கும் கசடுகளையும் கரைத்துக் கிளப்பும். ஃபில்டரை நேரத்தோடு மாற்ற வேண்டிய அவசியம் இதனால்தான் கூடுகிறது.

டீசலின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோகிராம் என்றால், ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 0.84 கிலோகிராம். ஆகவே தண்ணீர் ஃபில்டரின் அடியில் தங்கும். அங்கே ஓர் உணரி இருக்கும். டீசல் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். ஃபில்டரில் சேரும் தண்ணீர் கடத்தும். தண்ணீர் அளவு உயர்ந்து உணரியைத் தொட்டதும் முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். அந்த விளக்கை அலட்சியம் செய்யாதீர்கள். பம்பும் இன்ஜெக்டரும் டீசலையே மசகெண்ணெயாகக் கொண்டு இயங்குகின்றன. டீசல் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் வந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும், துருவும் பிடிக்கும்.

வேலையைத் தொடங்குமுன்

வண்டியின் கையேட்டைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஃபில்டர் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கின்றன, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சில வண்டிகளில் எஞ்சின் அறையில் ஒன்று மட்டும் இருக்கும். சிலவற்றில் அடிச்சட்டத்தின் ஓரமாக இன்னொன்றும் இருக்கும். வண்டி இன்னும் உத்தரவாத காலத்தில் இருந்தால் இந்த வேலையை முகவரின் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

தேவையானவை: உங்கள் வண்டிக்குரிய அசல் ஃபில்டர், புதிய ரப்பர் வளையங்கள், ஃபில்டர் ஸ்பேனர், நூல் பிரியாத சுத்தமான துணி, பழைய தூரிகை, ஒரு கண்ணாடிப் போத்தல், ஒரு தட்டையான பாத்திரம், கையுறை, கண்ணாடி.

ஓர் எச்சரிக்கை. பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களை எக்காரணம் கொண்டும் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் கசியும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். ஊசி குத்தியதுபோல் சிறிய காயம்தான் தெரியும். ஆனால் அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் ஆபத்து. நம் வேலை ஃபில்டரோடு முடிய வேண்டும்.

படிப்படியாக

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும். சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். அருகில் சிகரெட்டும் நெருப்பும் வேண்டாம்.

2. எதையும் கழற்றுமுன் ஃபில்டரையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் தூரிகையாலும் துணியாலும் துடையுங்கள். பலர் தவறவிடும் படி இதுதான். மேலே ஒட்டியிருக்கும் செம்மண், ஃபில்டரைக் கழற்றும் நேரத்தில்தான் உள்ளே விழும்.

3. பாத்திரத்தை அடியில் வையுங்கள். ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, முதலில் வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். வராவிட்டால் மேலே இருக்கும் கைப்பம்பை மெதுவாக அழுத்துங்கள்.

4. உணரியின் மின்னிணைப்பைக் கழற்றுங்கள். ஃபில்டரைத் திருகி எடுங்கள். பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். அது மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க, நீங்கள் புதியதையும் பூட்டினால், இரண்டு வளையங்களுக்கு நடுவே காற்று புகும்; டீசலும் கசியும்.

5. உணரியைப் புதிய வளையத்தோடு புதிய ஃபில்டருக்கு மாற்றுங்கள். ரப்பர் வளையத்தில் சுத்தமான டீசலை லேசாகத் தடவுங்கள்.

6. நடு ஓட்டையின் மூடியைக் கடைசி நிமிடம் வரை எடுக்காதீர்கள். உள்ளே எதையும் ஊற்றாதீர்கள். கையால் திருகுங்கள், வளையம் தொட்ட பிறகு எவ்வளவு திருக வேண்டும் என்பது ஃபில்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

7. வடிகால் திருகை மூடி, மின்னிணைப்பை மாட்டுங்கள்.

காற்றை வெளியேற்றுங்கள்

இப்போது ஃபில்டருக்குள் காற்று நிறைந்திருக்கிறது. இப்படியே சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. ஏன்? திரவத்தை அழுத்தினால் அதன் கன அளவு அநேகமாகக் குறையாது. கொடுக்கும் விசை அப்படியே மறுமுனைக்குப் போகும். காற்றை அழுத்தினாலோ அது சுருங்கிக்கொள்ளும். படிவம் 4இல் நாம் படிக்கும் பாயிலின் விதி இதுதான். பம்பு தரும் விசையெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

கைப்பம்பு இருப்பது இதற்காகத்தான். அதைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். முதலில் லேசாக இருக்கும். டீசல் வந்து நிரம்ப நிரம்பக் கடினமாகும். இனி அழுத்த முடியாது என்ற நிலை வந்தால் காற்று போய்விட்டது என்று பொருள். இந்த முறையில் வரும் டீசல், வடிதாளைக் கடந்துதான் சுத்தப் பக்கத்துக்குப் போகிறது. நான் போத்தலைத் தேடியதற்குப் பதிலாக இந்தப் பம்பை ஐம்பது முறை அழுத்தியிருந்தால் போதும். கைப்பம்பு இல்லாத வண்டிகளில் மின்பம்பு இருக்கும். சாவியை ‘ஆன்’ நிலையில் எவ்வளவு நேரம், எத்தனை முறை வைக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள். நிறுத்தி, மீண்டும் பம்பை அழுத்தி முயலுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் ஓடவிட்டு, அடியில் காய்ந்த துணியால் துடைத்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒரு முறை பாருங்கள்.

கால்வாயில் ஊற்றாதீர்கள்

வடித்த டீசலை வீட்டுக் கால்வாயில் ஊற்றினால் அது ஆற்றுக்குத்தான் போகும். பழைய ஃபில்டரையும் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் பட்ட ஃபில்டர்களும் துணிகளும் பட்டறைகளைப் பொறுத்தவரை சட்டப்படி அட்டவணைக் கழிவுகள். மூடிய டப்பாவில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

போத்தல் சொல்லும் செய்தி

மூன்றாவது படியில் பிடித்த கண்ணாடிப் போத்தலை மறந்துவிடாதீர்கள். அதை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு, பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். முழுவதும் ஒரே நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்லது. அடியில் தனி அடுக்காக ஏதாவது நின்றால் அது தண்ணீர். அடுத்த முறை வடிகாலைச் சீக்கிரமே திறந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் கருமையான வழவழப்பு தெரிந்தால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். அப்போது ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. தாங்கியையே சுத்தம் செய்ய வேண்டும். அதைப் பட்டறையிடம் விடுங்கள்.

மாமாவின் வண்டிக்கு இப்போதும் நான்தான் ஃபில்டர் மாற்றுகிறேன். அந்தச் செலவுக்குப் பிறகும் அவர் என்னை நம்பி விடுகிறார். ஒரே ஒரு நிபந்தனை: நான் ஃபில்டரைக் கையில் எடுத்ததும் அவர் பக்கத்தில் வந்து நின்று, “மாப்பிள்ளை, எது சுத்தப் பக்கம்?” என்று கேட்பார். நடு ஓட்டையைக் காட்டிய பிறகுதான் ஸ்பேனரை என் கையில் கொடுப்பார்.