பளுவும் ஓய்வும்

திருவரங்கத்து வீதிகளில் நம்பெருமாள் எழுந்தருளும்போது, பல்லக்கைத் தோள்மேல் தாங்கி வருவோரைக் கண்டு வியவாதார் இலர். நமது ஆலயத் திருவிழாவிலும், அன்னையின் சப்பரத்தைச் சுமக்க இளைஞர்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு வருவதை ஆண்டுதோறும் காண்கிறோம். பளுவைத் தாங்கும் வலிமை மனிதனுக்குப் பெருமை தருவது, அதில் தவறேதுமில்லை. ஆனால் அவ்வலிமை எவ்வாறு வளர்கிறது, அதன்பொருட்டு வாரத்தில் எத்தனை நாள் கடும்பளுவைத் தூக்கவேண்டும் என்பதை நம்மில் பலர் அறிந்திலர். அறியாமற் பேசிய பிழை நம்முடையதுங்கூட. ஆதலின் அதனையே முதற்கண் கூறிவிடுகிறோம்.

நமது பங்கு இளைஞர் ஒருவர், விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளை இறக்கிப் பிழைப்பவர். மாலையில் காவேரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்திலுள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்வார். வாரத்தின் ஏழு நாளும், தம்மால் இயன்ற உச்ச எடையைத் தரையினின்று தூக்குவதே அவர் பயிற்சி. விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக, ‘ஒரு நாளேனும் தவறாதவர்’ என்று ஞாயிறு மறையுரையில் அவரைப் புகழ்ந்தோம். இரண்டு திங்கள் சென்றன. திருப்பலியில் அவரால் முழந்தாளிட இயலவில்லை. இடுப்புத் தசை பழுதுற்றதென்றும், ஆறு வாரம் பாரம் தொடலாகாதென்றும் மருத்துவர் கூறினார். ஆறு வாரமும் கூலி இல்லை. அவருடைய தாயார் நம்மிடம் வந்து, “சாமி, நீங்க கோயில்ல சொன்னதுக்கப்புறம் ஒரு நாள்கூட வீட்டுல இருக்கமாட்டேன்னுட்டான்” என்றார். குறை கூறும் நோக்கில் அவர் அதனைச் சொல்லவில்லை. எனினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அதன்பின்னரே இதுபற்றி விவரமறிந்தோரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் தெளிவுபெற்றோம். பளுவைத் தூக்கும் அந்நேரத்தில் உடல் வலிமை பெறுவதில்லை, களைப்பே அடைகிறது. தசைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. பின்னர், உண்ட உணவிலுள்ள புரதத்தைக் கொண்டு உடல் அவற்றைச் செப்பனிட்டு, முன்னிலும் உறுதியாகக் கட்டுகிறது. இவ்வேலை ஓரிரு நாள் நீடிப்பது. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களோ தசையினும் மெல்லவே உறுதிபெறும். ஆகவே, தூக்குதல் வலிமைக்கு அழைப்பு. உணவும் உறக்கமும் ஓய்வுமே அவ்வலிமையைத் தருவன. கட்டி முடியுமுன் மீண்டும் மீண்டும் இடிப்பவன் வீட்டில் குடிபுகுவது எங்ஙனம்?

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, புதிதாகத் தொடங்குவோர் வாரத்திற்கு 2 அல்லது 3 நாள் பயின்றாற் போதும். ஓரளவு பழகியோர்க்கு 3 அல்லது 4 நாள். நன்கு தேர்ந்தோர் அதனினும் மிகுதியாகப் பயில்வர். ஆயினும் ஒரு நாள் காலுக்கு, மறுநாள் தோளுக்கு என உறுப்புகளைப் பிரித்துக்கொள்வர். ஒரே தசைக்குரிய இரு கடும்பயிற்சிகளுக்கிடையே ஏறத்தாழ 48 மணி நேரம் விடுவது நலம். குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஓரிரு முறை எளிதாகத் தூக்க இயன்றபின்னரே எடையைக் கூட்டவேண்டும். அதுவும் 2 முதல் 10 விழுக்காடு வரையே. 60 கிலோ தூக்குபவர் 2½ கிலோ சேர்த்தாற் போதும். வாரத்தில் தூக்கும் மொத்த அளவு ஒன்றாயிருப்பின், அதனைப் பல நாள்களாகப் பிரிப்பதனால் வலிமையில் பெரும் வேறுபாடு விளைவதில்லை என்பதும் ஆய்வுகளால் தெரியவருகிறது.

“உலக வீரர்கள் நாள்தோறும் தூக்குகிறார்களே?” என இளைஞர் வினவலாம். உண்மைதான். பல்கேரிய நாட்டுப் பயிற்சியாளர் இவான் அபாஜியெவ் தம் வீரர்களை நாள்தோறும் பன்முறை உச்ச எடையருகே தூக்கச் செய்து, உலக வெற்றிகள் பல கண்டார். ஆனால் அவர்கள் அதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டு, வேறு தொழிலின்றி வாழ்ந்தவர்கள். அன்றியும், 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பல்கேரியர் இருவர் தடைசெய்யப்பட்ட மருந்தின் காரணமாகப் பதக்கமிழக்க, அணி முழுவதுமே போட்டியினின்று விலகிற்று. எளிதில் பின்பற்றத்தக்க வழியன்று அது.

நம் தமிழகத்தையே பார்ப்போம். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். பின்னர் தேசியப் போட்டியொன்றில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது அவர் தொடையில் காயமுற்றார். முழு நலம் பெறாமலே 2018-இல் கோல்டு கோஸ்ட் சென்று, 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் பெற்றார். அவரது மனத்திண்மை போற்றற்குரியது. தேர்ந்த பயிற்சியும் துணையும் உடைய வீரருக்கே காயம் நேருமெனில், துணையின்றித் தாமே பயிலும் நம் பிள்ளைகள் எத்துணை எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்!

இங்கே மறக்கலாகாதது ஒன்றுண்டு. உடலுக்குக் கூடம் வேறு, மார்க்கெட் வேறு என்ற கணக்கில்லை. காலையில் இறக்கிய மூட்டையும் பளுவே. தலைமேல் சுமந்த செங்கல்லும் பளுவே. நமது இளைஞர் வாரத்தில் ஏழு நாளன்று, பதினான்கு முறை பளுப்பயிற்சி செய்தவராகிறார். இதனை எண்ணாமற் புகழ்ந்ததே நமது தவறு.

விளையாட்டு வீரன் ஓய்வைத் தானே தேர்ந்துகொள்ளலாம். கூலியாளுக்கு அதனைப் பிறர் தரவேண்டும். வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவிற்கு மேற்படலாகாதென 1967-இல் பன்னாட்டுத் தொழில் அமைப்பு பரிந்துரைத்தது. அதற்கு முன்னரே, 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தமது சுற்றுமடலில், தொழிலாளியின் உழைப்பு அவனது ஆற்றலை மீறலாகாதென்றும், ஞாயிறு ஓய்வு அவனுக்குரியதென்றும் வலியுறுத்தினார். ஓய்வுநாட் கட்டளையும் வீட்டுத் தலைவனோடு நில்லாமல், பணியாளனையும் எருதையும் கழுதையையும் உட்படுத்துகிறதன்றோ! மூட்டை தூக்குவோரைக் கூலிக்கு அமர்த்தும் குடும்பங்கள் நம் பங்கிலும் உள. அவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

இறைவாக்கினர் எலியா சோர்ந்து சூரைச்செடியின் கீழ் விழுந்தபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உண்ணச் செய்தார், அவர் மீண்டும் உறங்கினார், இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன்பின்னரே நாற்பது நாள் நடைக்கு அவரிடம் வலிமை இருந்தது.

அந்த இளைஞர் இன்று நலமாயுள்ளார். மார்க்கெட்டில் சரக்கு குறைவாக வரும் இரு நாள்களில் மட்டும் கூடத்திற்குச் செல்கிறார். முன்னர்த் தூக்க இயலாத எடையை இப்போது தூக்குவதாக, சென்ற மாதம் நாணத்தோடு நம்மிடம் கூறினார். ஞாயிறன்று தாயாரோடு திருப்பலிக்கு வந்து, பின்பு வீட்டில் உறங்குகிறார். இம்முறை மறையுரையில் அவரைப் பற்றி நாம் ஏதும் பேசவில்லை. அவரிடம் அனுமதி பெற்று, பெயர் குறியாது இங்கு எழுதுகிறோம்.