வேட்டைக் களம் பறவைப் பூங்காவான வரலாறு

பொது நிலத்தை வேலியிட்டுக் காப்பது மட்டுமே வனவிலங்குப் பராமரிப்பு ஆகிவிடாது. இராஜஸ்தானின் பரத்பூரில் சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேவலாதேவ் பூங்கா இதற்குச் சிறந்த சான்றாகும்.

தாழ்வான ஒரு நிலப்பகுதியில் கால்வாய்களும் மதகுகளும் அமைத்து, அஜான் அணை நீரைத் தேக்கி, வாத்து வேட்டைக்கென மன்னர்கள் உருவாக்கிய சதுப்பு நிலம் இது. 1938 நவம்பரில், வைசிராய் லின்லித்கோ பிரபு பங்கேற்ற ஒரே நாள் வேட்டையில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. மன்னரின் வேட்டை உரிமை 1972இல் முடிவுற்றது. 1982இல் தேசியப் பூங்காவாகிய இப்பகுதி, 1985இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

1982இல் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதிக்கப்பட்டது. கிராம மக்கள் எதிர்த்தனர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். ஆனால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு எதிர்பாராத உண்மையொன்றை வெளிக்கொணர்ந்தது. எருமைகள் மேயாததால் பாஸ்பாலம் என்னும் புல் அடர்ந்து வளர்ந்து, திறந்த நீர்ப்பரப்பைக் குறைத்தது; நீர்ப்பறவைகளுக்கு அது பாதகமாயிற்று. பின்னர் கிராம மக்கள் புல் அறுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டனர்.

நீரும் ஓயாத சிக்கலே. கம்பீர் ஆற்றின் பாஞ்சனா அணை நீரை உழவர்களும் கோருகின்றனர், பூங்காவும் நாடுகிறது. மனிதர் அமைத்த சதுப்பு நிலம் மனிதரின் இடையறாத பராமரிப்பினாலேயே வாழும். அப்பராமரிப்பில் சுற்றுப்புற மக்களுக்கும் பங்கு இருத்தல் வேண்டும்.