தூரம் குறைகிறது, யாருக்கு?

லீக் போட்டி அட்டவணையை நாம் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து தேதி போட்டுக் கொடுக்கிற சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் எட்டு அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை மோத, ஏழு சுற்றுகளில் 28 ஆட்டங்களை அடுக்கும் வழிகளே 3,14,49,600. எந்த ஆட்டம் யாருடைய ஊரில் என்பதையும் சேர்த்தால், இதை 26 கோடிக்கும் மேற்பட்ட எண்ணால் பெருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிற காரியமில்லை. இங்கேதான் 'உகப்பாக்கம்' என்கிற கணிதம் வருகிறது.

இதற்கு இரண்டு உறுப்புகள். எதைக் குறைப்பது என்பது 'குறிக்கோள்'. எதை மீறக்கூடாது என்பது 'கட்டுப்பாடு'. 2001இல் ஈஸ்டன், நெம்ஹாசர், ட்ரிக் மூவரும் முன்வைத்த கணக்கில் குறிக்கோள், அணிகள் பயணிக்கும் மொத்தத் தூரம். முக்கியக் கட்டுப்பாடு, எந்த அணியும் தொடர்ந்து மூன்று ஆட்டங்களுக்கு மேல் சொந்த ஊரிலோ வெளியூரிலோ ஆடக்கூடாது. சென்னை அணி தில்லி போய்த் திரும்பி, பிறகு மொகாலி போய்த் திரும்பினால் வான்வழியில் சுமார் 7,500 கி.மீ. இரண்டையும் சேர்த்து முடித்துவிட்டு வந்தால் சுமார் 4,000. கேட்க எளிதுதான். ஆனால் சென்னைக்கு வாகான வரிசை கொல்கத்தாவுக்கு வாகாக இருக்காது. ஒன்றை இழுத்தால் இன்னொன்று கலையும். அணிகள் கூடக்கூட, 'இதைவிடக் குறைந்த தூரம் இல்லை' என்று நிரூபிப்பது கணினிக்கே திணறலாகிவிடும்.

சரி, கட்டுப்பாடுகளை எழுதுவது யார்? 2009இல் மக்களவைத் தேர்தலால் ஐ.பி.எல். தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. 2016 வறட்சியில், ஏப்ரல் 30க்குப் பிந்தைய ஆட்டங்களை மகாராஷ்டிரத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது பம்பாய் உயர்நீதிமன்றம். 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றத்தின் காவிரித் தீர்ப்பு. ஆறு வாரக் கெடு முடிந்தும் மேலாண்மை வாரியம் வரவில்லை. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்துக்கு வெளியே போராட்டம், மைதானத்துக்குள்ளே செருப்பு வந்து விழுந்தது. சென்னையில் நடக்கவிருந்த மிச்ச ஆறு ஆட்டங்களும் புனேக்குப் போயின. அட்டவணை எண்ணிப் பார்க்காத காவிரி, கட்டுப்பாடாகத் தன்னைத் தானே எழுதிக்கொண்டது.

அணியின் தூரத்தை ரசிகர்களும் சுமந்தார்கள். ஏப்ரல் 19 அன்று சென்னையிலிருந்து புனேக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயிலே போனது. அந்தக் கிலோமீட்டர்கள் மேற்சொன்ன குறிக்கோளில் சேராது. அணிகளின் தூரம் மட்டுமே அதில் கூட்டப்படுகிறது. மறைமலைநகரில் ஷிப்ட் முடித்து ஆட்டம் பார்க்கப் போகிற தொழிலாளிக்கு, ராத்திரி திரும்ப எலெக்ட்ரிக் ட்ரெயின் கிடைக்குமா என்பதுதான் கணக்கு. அதையும் ஒரு கட்டுப்பாடாக எழுதலாம். ஆட்டம் இத்தனை மணிக்குள் முடிய வேண்டும் என்று ஒரே ஒரு வரி. கணிதம் மறுக்காது. எழுதச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

'உகப்பு' என்ற சொல்லிலேயே 'யாருக்கு உகந்தது' என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. இதே கணிதம்தான் பஸ் தடங்களையும், ஆஸ்பத்திரி நர்சுகளின் ஷிப்டுகளையும் வகுக்கப் பயன்படுகிறது. 'கம்ப்யூட்டர் போட்டது, மாற்ற முடியாது' என்று அதிகாரி சொல்லும்போது நாம் கேட்க வேண்டியவை இரண்டே: எதைக் குறைத்தீர்கள்? யாரைக் கூட்டலில் விட்டீர்கள்?