மாத்தளை காட்டும் இரு வழிகள்

கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஏறக்குறைய 16 மைல் சென்றால் மாத்தளை நகரை அடையலாம். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலே உயிர் நீத்த வீரர்களுக்கு அங்கே நினைவுச் சின்னம் உண்டு. மாசிமகத்தன்று பஞ்சரதங்கள் பவனி வரும் முத்துமாரியம்மன் திருக்கோயிலும் அங்கேயே உண்டு. சின்னத்தைக் கடந்து கோயிலுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள் ஒருவன் வகுப்பிலே ஒருநாள் எழுந்து நின்று, “ஐயா, அந்தக் கிளர்ச்சியில் நம்மவர் எந்தப் பக்கம் நின்றார்கள்?” என்று வினவினான். மற்றையோர் நகைத்தனர். நமக்கோ நகைப்பு வரவில்லை. அவ்வினாவுக்கு விடை கூறாமல் விடுதலை என்னும் சொல்லுக்குப் பொருள் கூற முடியாது என்று தோன்றிற்று.

கிளர்ச்சியின் வரலாற்றை முதலில் நோக்குவோம். 1847ஆம் ஆண்டளவில் கோப்பியின் விலை வீழ்ந்தது; அரசின் கருவூலம் வற்றியது. அவ்வாண்டிலே தேசாதிபதியாக வந்த டொரிங்டன் பிரபு, குறையை நிரப்பக் குடிமக்களின் மடியிலே கைவைத்தார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி எனப் புதிய வரிகள் பிறந்தன. போதாக்குறைக்கு, ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்தல் வேண்டும். இயலாதோர் 3 ஷில்லிங் செலுத்துதல் வேண்டும் என்று வீதிச் சட்டம் விதித்தது. புனத்தைக் காக்க நாயும், பன்றியை விரட்டத் துப்பாக்கியும் வைத்திருந்த உழவனுக்கு இவை எத்தகைய சுமை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மக்கள் உடனே வாளை எடுத்துவிடவில்லை. 1848 ஜூலை 6ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் கண்டியிலே கூடித் தங்கள் குறையை முறையிட்டனர். செவிசாய்ப்பார் இல்லை. அம்மாத இறுதியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பெற்றார். மொறட்டுவையிற் பிறந்த புரன் அப்பு படைத்தலைவருள் முதன்மை பெற்றார். கிளர்ச்சியாளர் மாத்தளைக்குள் புகுந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கினர். கச்சேரியிலிருந்த ஏடுகளை அழித்தனர்.

அடுத்து நிகழ்ந்ததுதான் நம் சிந்தனைக்கு உரியது. சில நாட்களிலேயே கிளர்ச்சி சிதறியது. ஏறக்குறைய 200 பேர் மாண்டனர். அரசுப் படையிலோ ஒருவர்தாமும் உயிரிழக்கவில்லை. ஆயினும் இராணுவச் சட்டம் அக்டோபர் வரை நீடித்தது. ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் குடாபொல பிக்குவைக் காவியுடையோடு நிறுத்திச் சுட்டனர். பண்டாவுக்கு விதித்த மரண தண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. அவர் மலாக்காவிலே மறைந்தார்.

டொரிங்டனை வீழ்த்தியது எது? கொழும்பிலே ‘ஒப்சேவர்’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்த டாக்டர் எலியட் என்னும் ஐரிஷ்காரர் இக்கொடுமைகளை அஞ்சாது எழுதினார். மக்களிடம் மனுக்களைத் திரட்டினார். செய்தி இலண்டனை எட்டியது. பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. 1850இல் டொரிங்டன் பதவியை இழந்தார். மக்கள் வெறுத்த வரிகள் பலவும் நீங்கின. எனினும் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். மாத்தளையிலே இரத்தம் சிந்தப்படாதிருந்தால் இலண்டன் திரும்பிப் பார்த்திருக்குமா என்று ஐயுறுவோரும் உளர். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் துப்பாக்கி ஆள்வோனுக்குச் சாக்குப்போக்கைத் தந்தது, உண்மையோ அவனைக் கூண்டிலே நிறுத்தியது என்பதை எவரும் மறுத்தல் இயலாது.

இனி, மாணவனின் வினாவுக்கு வருவோம். அக்காலத்திலே நம்மவர் எங்கே இருந்தனர்? தமிழகத்திலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூற்றுக்கு மேற்பட்ட மைல் நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியும் வாந்திபேதியும் வழியிலே பலரைக் கொண்டன. எஞ்சியோர் கோப்பித் தோட்டங்களில் உழைத்தனர். கிளர்ச்சிப் படை வந்த வீதியும் அவர்கள் நடந்த வீதியும் ஒன்றே. நிலத்தை இழந்த உழவனும், ஊரை இழந்த கூலியும் ஒரே ஆட்சியின் இருவேறு பலிகள். எந்தப் பக்கம் என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. இதுவே நாம் அம்மாணவனுக்குக் கூறிய விடையின் முதற்பாகம்.

இரண்டாம் பாகம் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். கண்டியிலும் மலைநாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் கதர் நிதி திரட்டினார். அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்த இளைஞர் காங்கிரஸார் அவருடைய நெறியை வெறும் பேச்சோடு நிறுத்தவில்லை. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் வழிகாட்டலில், பூரண சுயராச்சியம் தராத டொனமூர்த் திட்டத்தை ஏற்க மறுத்து, 1931ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தனர். ஒரு கல்லும் எறியப்படாமல் வடபகுதியின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயின.

1948 பெப்ரவரி 4ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. மாத்தளைக் கிளர்ச்சிக்கு அது நூறாவது ஆண்டு. ஆனால் அதே ஆண்டில் இயற்றப்பெற்ற பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றோராக்கிற்று; 1949ஆம் ஆண்டுத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1947 தேர்தலில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்திய காங்கிரஸ், அடுத்த தேர்தலில் ஒருவரையும் அனுப்ப இயலாத நிலை வந்தது. வெள்ளையர் கொடி இறங்கிய முற்றத்திலே அவர்கள் அந்நியராய் நின்றனர்.

அவர்கள் கைக்கொண்ட கருவி யாது? 1952 ஏப்ரல் இறுதியிலே தொண்டமான் முதலிய தலைவர்கள் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கினர். வெயிலிலும் மழையிலும் அது நான்கு மாதங்களுக்கு மேல் நடந்தது. சட்டம் மாறவில்லை. பிரசாவுரிமை கோரிய ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. அவர்களை ஒருவரும் கேளாமலே இரு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன.

அப்படியாயின் சத்தியாக்கிரகம் தோற்றதா? தோற்றது என்று அன்றைய ஏடுகள் எழுதியிருக்கக்கூடும். ஆனால் வரலாறு ஒரு பருவத்திலே அறுவடையாகும் பயிரன்று. 1986 ஜனவரியில், தைப்பொங்கலை ஒட்டி, தோட்டத் தொழிலாளர் பிரார்த்தனை இயக்கம் தொடங்கினர். கொழுந்து பறிக்கும் கைகள் கூப்பி நின்றன. ஒரு கூடைக் கொழுந்தும் ஒரு தொழிலாளியின் சம்மதத்தாலேயே நிரம்புகிறது என்னும் உண்மையை அரசு அப்போது உணர்ந்தது. அவ்வாண்டிலும் 1988இலும் 2003இலும் இயற்றப்பெற்ற சட்டங்கள் நாடற்றோர் என்னும் நிலையைப் படிப்படியாகத் துடைத்தன. கத்தியின்றி இரத்தமின்றி, ஆனால் அரை நூற்றாண்டுக் கண்ணீரோடு பெற்ற வெற்றி அது.

அகிம்சை எளிதான வழியன்று, விரைவான வழியுமன்று. இருப்பினும் அதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. துப்பாக்கி ஏந்தச் சிலரால் மட்டுமே இயலும். கிழவியும் சிறுவனும் கருவுற்ற தாயும் சத்தியாக்கிரகத்திலே படைவீரராதல் கூடும். தோற்றபோதும் அது பகைவனுக்குக் கொல்லும் காரணத்தைக் கொடாது. வென்றபோதும் அண்டை வீட்டாரைப் பகைவராக்காது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையிலே கூடும் மாத்தளை போன்ற ஊருக்கு இதைவிட வேண்டுவது வேறென்ன?

அம்மாணவனிடம் நாம் இறுதியாகச் சொன்னது இதுதான்: “தம்பி, புரன் அப்புவின் சின்னத்தின் முன் தலை வணங்கு, அவன் அஞ்சாதவன். வணங்கிவிட்டு அந்த வடக்கு வீதியையும் சற்றே நோக்கு. பெயர் பொறிக்கப்பெறாத உன் பாட்டன்மார் அதன் வழியே நடந்து வந்தனர். அவர்கள் பிள்ளைகள் எவரையும் கொல்லாமல் இந்நாட்டைத் தங்கள் நாடாக்கிக்கொண்டனர். நம்மவர் நின்ற பக்கம் அதுவே.”

வகுப்பு இம்முறை நகைக்கவில்லை.