‘க்ளீன்’ நாவல் என்றால் நல்ல நாவலா? கிறிஸ்தவப் புனைகதை விமர்சனம் கேட்க மறந்த கேள்வி

முத்தத்தைத் தாண்டிய காட்சிகள் இல்லை. கெட்ட வார்த்தைகள் இல்லை. நாயகன் தன் பாவத்தை நினைத்து மனம் கலங்கி, கடவுளிடம் திரும்புகிறான். இப்படிப்பட்ட ஒரு காதல் நாவலுக்கு 2021-ல் அமெரிக்காவில் விருது அறிவிக்கப்பட்டது. சில நாள்களிலேயே அந்த விருது திரும்பப் பெறப்பட்டது.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு, அப்புறம் என்ன பிரச்சினை?” என்று கேட்கத் தோன்றும். பதில் தெரிய, முதலில் இந்த வகை நாவல்கள் எப்படி எழுதப்படுகின்றன, எப்படி விமர்சிக்கப்படுகின்றன என்று பார்க்க வேண்டும்.

இன்ஸ்பிரேஷனல் ஃபிக்‌ஷன் என்றால் என்ன?

கிறிஸ்தவ நம்பிக்கையை மையமாக வைத்து எழுதப்படும் கதைகளை அமெரிக்கப் பதிப்புலகம் இந்தப் பெயரில் அழைக்கிறது. மரபு பழையது. ஜான் பன்யன் 1678-ல் எழுதிய ‘பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்’ இதன் முன்னோடி. அதைத் தழுவித்தான் ஹெச்.ஏ.கிருஷ்ணபிள்ளை தமிழில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ காப்பியத்தைப் படைத்தார்.

தனிச் சந்தையாக இது வளர்ந்தது பிற்பாடுதான். 1979-ல் ஜேனட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ பெரிய வெற்றி பெற்றது. 1995-ல் தொடங்கிய ‘லெஃப்ட் பிஹைண்ட்’ வரிசை கோடிக்கணக்கில் விற்றது. இதற்கென்றே பதிப்பகங்கள், கடைகள், ‘கிறிஸ்டி’ விருதுகள் எல்லாம் வந்தன.

கூடவே சில எழுதாத விதிகளும் வந்தன. ஆபாசம் கூடாது, வசைச்சொல் கூடாது, கதை நம்பிக்கையில் முடிய வேண்டும். பிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ நாவல் 1991-ல் பொதுப் பதிப்பகத்தில் வெளியானது. 1997-ல் கிறிஸ்தவப் பதிப்பகம் வழியாக மீண்டும் வந்தபோது அதில் சில பகுதிகள் மாற்றப்பட்டிருந்தன. வடிகட்டி அவ்வளவு பலமானது.

விமர்சனம் எப்படி நடக்கிறது?

இந்த நாவல்களை விமர்சிப்பவர்களில் பெரும்பாலானோர் தொழில்முறை விமர்சகர்கள் அல்ல. இல்லத்தரசிகள், ஆசிரியைகள், சர்ச் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் என ஆர்வமுள்ள வாசகர்களே அதிகம். புத்தகம் வெளியாகும் முன்பே பதிப்பகம் இலவசப் பிரதி அனுப்பும். “நேர்மையான கருத்தை எழுதுங்கள்” என்பதுதான் நிபந்தனை. இலவசமாகப் பெற்றதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009-ல் வழிகாட்டுதலே வெளியிட்டது.

இவர்கள் செய்வது உண்மையிலேயே பயனுள்ள வேலை. 14 வயது மகளுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் அம்மாவுக்கு அந்த விமர்சனம் உதவுகிறது. அதனால்தான் “இது க்ளீனா?” என்பது முதல் கேள்வியாகிறது. பல நேரங்களில் அதுவே கடைசிக் கேள்வியும் ஆகிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வதைமுகாமில் ஒரு காதல்

2014-ல் கேட் ப்ரெஸ்லின் எழுதிய ‘ஃபார் சச் எ டைம்’ நாவலை பெத்தனி ஹவுஸ் வெளியிட்டது. வேதாகமத்தின் எஸ்தர் கதையை இரண்டாம் உலகப்போருக்கு மாற்றிய முயற்சி. யூதப் பெண் ஒருத்திக்கும், தெரேசியன்ஸ்டாட் முகாமை நிர்வகிக்கும் நாஜி அதிகாரிக்கும் இடையே காதல். அவளுடைய மனம் மெல்ல கிறிஸ்தவ நம்பிக்கையை நோக்கி நகர்கிறது.

தெரேசியன்ஸ்டாட் கற்பனை இடம் அல்ல. இன்றைய செக் குடியரசில் இருந்த அந்த முகாமிலேயே சுமார் 33,000 பேர் இறந்தார்கள். பல்லாயிரக்கணக்கானோர் அங்கிருந்து ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த நாவல் ‘ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ அமைப்பின் 2015-ம் ஆண்டு ரீட்டா விருதுக்கு இறுதிச் சுற்று வரை சென்றது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால், இறுதிச் சுற்றுக்கு வந்ததே தவறு என்று விமர்சகர் சாரா வெண்டல் அந்த அமைப்புக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். உயிரையே கையில் வைத்திருக்கும் அதிகாரிக்கும் கைதிக்கும் இடையே சம்மதம் என்று ஒன்று இருக்க முடியுமா? யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்டவர்களின் கதையில், யூத அடையாளத்தை விட்டு நகர்வதை மகிழ்ச்சியான முடிவாகக் காட்டலாமா? இவைதான் எழுந்த முக்கியக் கேள்விகள்.

படுகொலையில் தொடங்கும் கதை

ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடியும் அதே மாதிரி. இம்முறை கேரன் விட்மேயரின் ‘அட் லவ்ஸ் கமாண்ட்’. பதிப்பகமும் அதே பெத்தனி ஹவுஸ். நாயகன் குதிரைப்படை அதிகாரி. வூண்டட் நீ சம்பவத்தில் பங்கெடுத்து, அதன் கொடூரம் தாங்காமல் மனம் மாறுகிறான்.

வரலாற்றில், 1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவில் அமெரிக்கப் படை லக்கோட்டா மக்களைச் சுட்டுக் கொன்றது. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெண்களும் குழந்தைகளும் அதில் ஏராளம்.

நாவலுக்கு ஆன்மிகக் காதல் கதைப் பிரிவில் ‘விவியன்’ விருது கிடைத்தது. எதிர்ப்பு கிளம்பியது. அமைப்பு முதலில் தேர்வை நியாயப்படுத்தியது. பிறகு, பூர்வகுடிகளுக்கு நடந்த கொடுமையைக் காதல் கதைக்குப் பின்னணியாக்கும் நூலைக் கொண்டாட முடியாது என்று கூறி விருதை ரத்து செய்தது.

மன்னிப்பு எல்லோருக்கும் கிடையாதா?

இந்த நாவல்களுக்கு ஆதரவான வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. எவ்வளவு பெரிய பாவிக்கும் மனந்திரும்ப வழி உண்டு என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை. “கொலைகாரன் திருந்தக் கூடாதா? பிறகு எதுக்கு சுவிசேஷம்?” என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

ஆனால், இந்தக் கதைகளில் திருந்துகிறவனுக்குப் பெயர், குடும்பம், காதல், எதிர்காலம் எல்லாம் இருக்கின்றன. கொல்லப்பட்டவர்களோ அவன் திருந்துவதற்கான காரணமாக மட்டும் வந்துபோகிறார்கள். அவன் ஏறிப்போகும் படிக்கட்டாக அவர்களுடைய சாவு மாறிவிடுகிறது.

இது வெளியாட்கள் சொல்லும் குறை மட்டும் அல்ல. வேதாகமத்தை வைத்தே இதைக் கேட்கலாம். தாவீது ராஜா பத்சேபாளை அபகரித்து, அவளுடைய கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவைத்தார். தீர்க்கதரிசி நாத்தான் ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொல்லித்தான் ராஜாவுக்கு அவருடைய குற்றத்தை உணர்த்தினார். தாவீது மனம் கசந்து அழுதார், மன்னிப்பும் பெற்றார்.

ஆனால், உரியாவின் பெயர் அழியவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட மத்தேயு சுவிசேஷத்தின் வம்ச வரலாற்றிலும், சாலொமோனின் தாய் உரியாவின் மனைவியாக இருந்தவள் என்றே குறிக்கப்படுகிறாள். குற்றவாளிக்கு மன்னிப்பு கிடைத்தது. பாதிக்கப்பட்டவனின் பெயரும் நிலைத்தது. வேதாகமம் ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை.

அப்படியென்றால் எப்படி விமர்சிப்பது?

“க்ளீனா?” என்ற கேள்வியைக் கைவிட வேண்டியதில்லை. அதோடு இன்னும் மூன்றைச் சேர்த்தால் போதும்.

ஒன்று, கதை நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா? நல்ல கருத்து என்பதற்காக மோசமான எழுத்துக்கு ஐந்து ஸ்டார் கொடுப்பது, அடுத்த வாசகரின் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குவது.

இரண்டு, மனமாற்றம் நம்பும்படி இருக்கிறதா? ஒரே ஜெபத்தில் எல்லாம் தீர்ந்துவிடுகிறதா, அல்லது செய்த தவறுக்கு அந்தப் பாத்திரம் பொறுப்பேற்கிறதா?

மூன்று, இந்தக் கதையில் உரியா யார்? அவருக்குப் பெயர் இருக்கிறதா, குரல் இருக்கிறதா? அவருடைய வம்சத்தில் வந்த ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்?

கடைசிக் கேள்விக்கு நூலின் கவர்ச்சியான அட்டையோ, பின்பக்கப் பாராட்டுகளோ பதில் தராது. புத்தகத்தை முழுதாகப் படித்தவர்தான் சொல்ல முடியும். தெரேசியன்ஸ்டாட் பெயரும் வூண்டட் நீ பெயரும் இரண்டு நாவல்களிலும் அச்சாகித்தான் இருந்தன. விருதுக்குத் தேர்வு செய்தவர்கள் அதைப் படிக்காமல் இல்லை. படித்தும், அங்கே இறந்தவர்கள் பக்கம் நின்று கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் பிரச்சினை.