வாரம் 55 மணி நேரம்: உடம்பு போடும் கணக்கு

ராத்திரி பதினொன்றரை மணி. சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஸ்டார்ட்அப் அலுவலகம். எட்டு மணிக்கு வந்த பரோட்டா பொட்டலம் பிரிக்காமலே லேப்டாப் பக்கத்தில் ஆறிக் கிடக்கிறது. "ரிலீஸ் முடியட்டும், சாப்பிட்டுக்கலாம்" என்கிறார் இருபத்தாறு வயது இளைஞர். ரெண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் கம்பெனி வளரும், கையில் இருக்கும் பங்குக்கு விலை வரும் என்பது அவர் கணக்கு. உடம்பு தனியாக ஒரு கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது.

எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். தினம் ஒன்பதேகால் மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் வேலை பார்த்தாலே 55-ஐத் தாண்டிவிடும். இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-இல் சொன்னதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

டெட்லைன் நெருக்கும்போது அட்ரினலினும் கார்டிசோலும் சுரந்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. தூங்கும்போது ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். தூக்கமே குறைந்தால் அது இறங்க நேரமில்லை. தூக்கம் கெட்டால் பசியும் தாறுமாறாகிறது; நடுராத்திரி பிரியாணி ஆசை அப்படி வருவதுதான். மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியின் கஃபைனில் ஏறக்குறைய பாதி, பதினோரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

பர்ன்அவுட்டின் அடையாளங்கள்

ஓய்வெடுத்தும் தீராத அசதி, வேலைமீது வெறுப்பு, 'என்னால் முடியவில்லை' என்ற எண்ணம். இந்த மூன்றும் சேர்ந்ததே பர்ன்அவுட். சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருவது இது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே இதைத் தனிமனிதரின் பலவீனம் என்று ஒதுக்க முடியாது.

என்ன செய்யலாம்?

* ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.
* வயது முப்பதுகூட ஆகவில்லை என்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை பாருங்கள்.
* நெஞ்சுவலி, முகம் கோணுதல், கை மரத்துப்போதல், பேச்சுக் குழறல் வந்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.
* மனம் தளர்ந்தால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் பேசலாம்.
* நிறுவனம் நடத்துபவர்களே, இரவு நேர அவசர வேலைக்கு முறை வைத்து ஆள் போடுங்கள். மற்றவர்களின் போன் தூங்கட்டும்.

பங்குக்கு விலை வர வருஷங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். இன்று ராத்திரி வரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சூடாக இருக்கும்போதே பிரித்துச் சாப்பிடுங்கள்.